குழம்பில் கலக்கச் சொன்ன விளம்பரம்

என் பிரிவு உபசார விழாவில் நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து ஒன்று சொன்னார். யாரென்று சொல்ல மாட்டேன். "நம்ம வேலையால யாருக்கு இன்னாங்க கெடுதல்? விளம்பரம்தானே. புடிக்கலன்னா வெரலால தள்ளிவுட்டுட்டுப் போய்க்கினே இருக்கப் போறாங்க." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி வைத்த பிறகுதான், எதற்குத் தட்டினோம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

புதியவர்களுக்குப் பயன்படும்படி அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டிருக்கிறார். விளம்பரத்தை எப்படி எழுதுவது, எந்த நேரத்தில் போடுவது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதையெல்லாம் உங்களுக்குக் கற்றுத்தர நான் தேவையில்லை, என் விரலைவிட உங்கள் விரலுக்கு வேகம் அதிகம். நான் பச்சையம்மாள் என்கிற ஒருத்தியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும், எனக்குப் பென்ஷனா தரப் போகிறார்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது என் குரலால். கள்ளக்குறிச்சி கேபிள் சேனலில் விளம்பரம் வாசிக்க ஒரு பெண் குரல் வேண்டும் என்றார்கள், போனேன். ஜவுளிக்கடை, உரக்கடை, பள்ளிக்கூட அட்மிஷன், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்களுக்கு டயர் என்று என்னென்னவோ வாசித்திருக்கிறேன். படத்துக்கு அடியில் ஓடுகிற எழுத்தையும் நானே எழுதுவேன். ஒரு தடவை மதியச் சாப்பாட்டு வேளையில் மூல நோய் டாக்டரின் விளம்பரத்தை ஓடவிட்டுவிட்டேன். ஒரு பெரியவர் போன் செய்து, "ஏம்மா, சோத்த வாயில வெக்கறப்பதான் இத்தப் போடுவியா? வேற நேரமே கெடைக்கலியா ஒனுக்கு?" என்று கத்தினார்.

ஊரே சிரித்தது. ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்து ஒருவர்கூட கூனிக் குறுகவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று அந்த விளம்பரத்துக்குத் தெரியாது. மூலம் இருந்தவரும் இல்லாதவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே அதைப் பார்த்தார்கள். இருந்தவர் சத்தமில்லாமல் டாக்டர் நம்பரைக் குறித்துக்கொண்டார். இது எவ்வளவு பெரிய மரியாதை என்று அந்த நாளில் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது, கேபிள் படுத்துவிட்டது. முதலாளி உஷாரான ஆள், அலுவலகத்தைப் போன் விளம்பரத்துக்கு மாற்றிவிட்டார். ஊருக்கே சொல்வது போய், ஆளைப் பார்த்துச் சொல்வது வந்தது. ஆளைப் பார்க்கப் பட்டியல் வேண்டும் அல்லவா. நகைக்கடைக் குலுக்கல் கூப்பன், ரீசார்ஜ் கடை நோட்டு, காதணி விழாவுக்கு மண்டபம் எடுத்தவர்கள் பெயர் என்று கண்ட கண்ட காகிதமும் எங்கள் மேஜைக்கு வர ஆரம்பித்தது. ஒன்றையாவது "இது எப்படி வந்தது?" என்று நான் கேட்டதில்லை. வந்ததை ஏற்று, அடித்து, அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நைனார்பாளையத்தில் தையல்கடை வைத்த ஒரு பெண்ணுக்கு, சுற்று வட்டார ஊர்களுக்கு மட்டும் விளம்பரம் போட்டுக் கொடுத்தோம். தீபாவளிக்கு அவளால் தைத்து மாளவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். இங்கே ஒரு கடை இருக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சொன்னோம், அவ்வளவுதான். அவர்கள் வீட்டுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டு போய்க் கதவைத் தட்டவில்லை.

கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாவு வீட்டுப் பந்தல்களைப் பிரித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குடியை நிறுத்தும் பொடி விற்கிறவர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இப்ப இந்தப் பக்கத்துல எல்லா பொம்பளைங்களுக்கும் பயம் பிடிச்சிருக்கு மேடம். இந்த நேரத்த விட்டா இன்னொரு நேரம் கிடைக்காது" என்றார். அப்போதே எழுந்து அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். நான் டீ வாங்கிவரச் சொன்னேன்.

அவர் கையோடு ஒரு பதிவேடு கொண்டுவந்திருந்தார். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் அவருடைய ஆட்கள் இலவச முகாம் நடத்தி, பெண்களுக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்திருக்கிறார்கள். பெயர், ஊர், போன் நம்பர். கடைசிக் கட்டத்தில் 'வீட்டில் குடிப்பவர் உண்டா' என்று ஒரு கேள்வி. பக்கத்துக்குப் பக்கம் டிக் விழுந்திருந்தது. "டிக் போட்டவங்களுக்கு மட்டும் போகணும் மேடம்" என்றார். ரத்தக்கொதிப்பு பார்க்க வந்தவள் இதை எதற்குச் சொன்னாள், யாரை நம்பிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. "இதுல எத்தன பேர் இருக்காங்க?" என்றுதான் கேட்டேன். என் முப்பது வருட வேலையில் நான் கேட்ட கேள்விகளிலேயே கேவலமானது அதுதான்.

எங்கள் அலுவலகத்தில் போன் பேசும் வேலையில் ஒரு பெண் இருக்கிறாள், வெள்ளிமலைக்காரி. நம்பர்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்த நம்பருங்கள்ளாம் அந்தப் பொம்பளைங்களோடதுதானா?"

"பேரு பொம்பள பேருதான போட்டிருக்குது."

"பேரு அவங்கள்துதான்க்கா. எங்கம்மாகிட்ட யாருனா நம்பர் கேட்டா எங்கப்பா நம்பரத்தான் சொல்லும். வூட்டுக்கு ஒரே போனு. அதுவும் ஆம்பள பாக்கெட்லதான் இருக்கும்."

"அதெல்லாம் பாத்துகினு இருந்தா வேல ஓடுமா? ஏத்து" என்றேன்.

இதை அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கல்யாணமாகிப் பல வருடம் வரைக்கும் எனக்கென்று ஒரு நம்பர் கிடையாது. என் சம்பளம் பேங்கில் ஏறிய செய்தி என் வீட்டுக்காரர் போனுக்குத்தான் வரும். கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எங்கே நம்பர் கேட்டாலும் அவர் நம்பர்தான் என் வாயில் வரும். இதெல்லாம் தெரிந்த பொம்பளை நான். ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று எங்கேயோ உட்கார்ந்து கணினிக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு இது தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாதா?

விளம்பரத்தை நானே எழுதி நானே பேசினேன். "அக்கா, உங்க வூட்டுக்காரர் குடிக்கிறாரா? அழுதுகினு உக்காராதீங்க. அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுங்க. கலரு இல்ல, வாசன இல்ல, ருசி மாறவே மாறாது." ஒரே தடவையில் பேசி முடித்தேன். கூடப்பிறந்தவள் காதோரம் சொல்வது போல இருக்கிறது என்று பொடிக்காரர் புகழ்ந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது, ஒருவனுக்குத் தெரியாமல் அவன் சோற்றில் எதையாவது கலக்கலாமா என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, யார் யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று அறிக்கை வந்தது. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், விளம்பரத்தைக் கடைசிவரை பார்த்தவர்கள் ஜாஸ்தி. முழுதாகப் பார்க்கிறவருக்குத் திரும்பத் திரும்பக் காட்டும்படிதான் அந்த ஏற்பாடு. பார்க்கிறவர் ஆசையாகப் பார்க்கிறாரா, பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறாரா என்று அதற்குத் தெரியாது. முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கினார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் பச்சையம்மாள் வந்தாள். விளம்பரத்தில் இருந்த எங்கள் அலுவலக நம்பரை வைத்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என்ன வேண்டும் என்று நான் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"நீங்கதானுங்களா அந்தக் கொரலு?" என்றாள்.

பச்சையம்மாள் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். புருஷன் ஏழுமலை கரும்பு வெட்டப் போகிறவர், குடிக்கிறவர். முகாமில் அவள் சொன்ன நம்பர் ஏழுமலையுடையது. என் விளம்பரம் அவர் போனுக்குத்தான் போயிருக்கிறது. ஒரு தடவை இல்லை. காலையில் வந்தது, பொழுதுசாய வந்தது, மறுநாளும் வந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் கடைசிவரை பார்த்தார், அதனால் இன்னும் அதிகமாக வந்தது. சத்தத்தைக் கூட்டித் தெருவுக்கே போட்டுக் காட்டியிருக்கிறார். தன் பொண்டாட்டி தனக்குச் சோற்றில் என்னவோ வைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்.

"அந்தப் பொடி எப்படி இருக்கும்னுகூட எனுக்குத் தெரியாதுங்க. தெனம் சோறு போட்டா, மொதல்ல நீ தின்னுங்கறாரு. அவங்கம்மா, தம்பி, அக்கம்பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் பாத்துகினு இருக்கறப்ப நான் தின்னணும். நான் முழுங்கனத வாயத் தொறந்து காட்டணும். அப்பறம்தான் அவரு கைய வெப்பாரு."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அடுத்ததைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

"இப்ப பள்ளிக்கூடத்துல புள்ளைங்க தட்ட எடுத்துகினு வர மாட்டேங்குதுங்க. புருசனுக்கே மருந்து வெக்கிறவ, எங்க புள்ளைங்களுக்கு இன்னா வெப்பாளோன்னு பேசறாங்க. என்ன வேலைய வுட்டு நிறுத்தப் போறாங்க. நீங்க வந்து சொல்லணும். நான் ஒண்ணும் வாங்கலன்னு ஒரு வார்த்த வந்து சொல்லிட்டுப் போங்க. அந்தக் கொரலே வந்து சொன்னா நம்புவாங்க."

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "போவாதீங்க. போனா நாமளே ஒத்துகின மாதிரி ஆயிடும். யாரு போன யாரு பாத்தாங்கன்னு நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். பொடிக்காரருக்குப் போன் போட்டேன். "அந்த லிஸ்ட்ட நான்தான் குடுத்தேன்னு எழுத்துல ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அந்தக் கேள்வியில் அது போய்விட்டது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வெள்ளிமலைப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மறுநாள் கிளம்பினேன்.

பள்ளிக்கூடச் சமையல் கூடத்து வாசலில் சத்துணவு அமைப்பாளர் அம்மாள் நின்றிருந்தார். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஏழுமலையும் வந்து சுவரோரம் நின்றார். பச்சையம்மாள் பாத்திரம் கழுவும் இடத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். குரல் என் தொழில் அல்லவா.

"அந்த விளம்பரத்துல பேசனது நான்தான். இவங்க எங்ககிட்ட எதையும் வாங்கல, கேக்கவும் இல்ல. அது நாங்களா அனுப்பறது, எல்லாருக்கும் போறதுதான்" என்றேன்.

ஒரு பெண் தன் போனை எடுத்துப் பார்த்தாள். "எனுக்கு வரலியே" என்றாள். இன்னொருவர், "எனுக்குந்தான் வரல" என்றார். வரிசையாக ஆளாளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை. கேபிளாக இருந்திருந்தால் அந்த ஊரே பார்த்திருக்கும், சிரித்திருக்கும், அதோடு போயிருக்கும். ஆளைப் பார்த்துத் தனியாகக் குறி வைத்தது நான். இப்போது எல்லோருக்கும் போட்டதுதான் என்று சொன்னால் எவன் நம்புவான்?

ஏழுமலை முன்னால் வந்தார். குடித்திருக்கவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"எனுக்கு மட்டும் எப்டிம்மா வந்துச்சு? நான் குடிக்கிறவன்னு ஒங்களுக்கு எவ சொன்னா?"

பிள்ளைகளே, நெருக்கடி நெருக்கடி என்று இந்தத் தொழிலில் எதை எதையோ சொல்வார்கள். கணினி நின்றுபோவதும் வாடிக்கையாளர் கத்துவதும் நெருக்கடி இல்லை. நெருக்கடி இதுதான். உண்மையைச் சொன்னால், பச்சையம்மாள் மருந்து வைக்கவில்லை என்று ஆகும். ஆனால் புருஷன் குடிப்பதை முகாமில் போய்ச் சொன்னவள் அவள்தான் என்றும் ஆகும். அந்த வீட்டில் எது பெரிய குற்றம் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பச்சையம்மாளைப் பார்த்தேன். அவள் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

"கம்ப்யூட்டர் ஏதோ தப்பாப் போட்டுடுச்சு" என்றேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"நான் குடிக்கிறது கம்ப்யூட்டருக்கு எப்டித் தெரியும்?" என்று ஏழுமலை கேட்டார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது, ஆனால் அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. இந்தத் தொழிலைப் பார்த்து ஒருவர் கேட்க வேண்டிய சரியான கேள்வியை, கரும்பு வெட்டுகிறவர் கேட்டுவிட்டார்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் மட்டும் போனை எடுத்துப் பார்க்கவே இல்லை. கையில் இருந்ததை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். வெள்ளிமலைப் பெண் என் கையைப் பிடித்து, "அக்கா, அவங்க வூட்டுக்கும் வந்திருக்குது" என்று மெல்லச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பச்சையம்மாள் தனியாக நிற்க வேண்டி வந்திருக்காது. சொல்லியிருந்தால் மறுநாள் அவளும் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்திருக்கும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிற கோபம் எல்லாம் எங்கள் மேல்தான்.

அமைப்பாளர் அம்மாள் நல்லவர். ஆனாலும் பெற்றவர்களை மீறி அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. "கொஞ்ச நாளு பாத்திரம் மட்டும் கழுவட்டும், அடுப்பாண்ட வர வேணாம்" என்றார். கொஞ்ச நாள் ஒரு மாதம் ஆனது. அப்புறம் பச்சையம்மாளே நின்றுகொண்டு, கரும்பு வெட்டப் போய்விட்டாள். புருஷன் வெட்டுகிற அதே காட்டில்.

நாங்கள் அங்கே போன அன்று, பஸ் ஏற அவள் எங்களோடு ரோடுவரை வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்த கேம்ப்புல ஒரு பொண்ணு கேட்டுச்சுங்க, வூட்ல யாருனா குடிக்கிறாங்களாக்கான்னு. கைய வேற புடிச்சிகினு கேட்டுச்சு. இத்தினி வருசத்துல என்ன ஒருத்தரும் கேட்டதில்ல. அதான் சொல்லிட்டேன்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அந்தப் பட்டியலை அழித்தேன். அழித்தது எங்கள் கணினியில் மட்டும்தான். அவளைப் போன்ற இன்னும் பலரைத் தேடிப் பிடிக்கச் சொல்லி விளம்பரத்தைப் போனில் காட்டுகிற கம்பெனியின் கணினிக்கு ஏற்கெனவே கட்டளை கொடுத்திருந்தோம், அது தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. பொடிக்காரர் வேறு ஊரில் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டார். இப்போது வேறு யாரோ ஒருத்தி, என்னைவிட இளமையான குரலில், குழம்பில் கலக்கச் சொல்கிறாள். அவளும் உங்கள் மாதிரி ஒரு பிள்ளையாகத்தான் இருப்பாள்.

தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம். யாருடைய போனில், யாருடைய விரல் தள்ளும்? நாளைக்கு உங்கள் மேஜைக்கு ஒரு பட்டியல் வரும்போது எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். இதில் இருக்கிறவர் இதை யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று கேளுங்கள். நமக்குச் சொல்லவில்லை என்றால் தொடாதீர்கள். முதலாளி கத்தினால் கத்தட்டும். வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும், நீங்கள் படித்தவர்கள். பச்சையம்மாளுக்கு அந்த அடுப்பு திரும்பக் கிடைக்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கத்துக் கிராமச் செவிலியரைத் தற்செயலாகப் பார்த்தேன். பழக்கமானவர். வீடு வீடாகப் போய்க் குடிப்பவர்கள் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாராம். இருக்கிறவர்களை வண்டி அனுப்பிக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் இலவசமாக வைத்தியம், பெண்களுக்கு ஆறுதலாகப் பேச ஒரு ஆள் என்று உண்மையான ஏற்பாடு. பொடி இல்லை, திருட்டுத்தனம் இல்லை. பச்சையம்மாள் இருக்கும் தெருவுக்கும் போயிருக்கிறார்.

"மத்த தெருவுக்கெல்லாம் ஒரு நாள் ஆச்சுங்க. அந்தத் தெருவ மட்டும் பத்து நிமிசத்துல முடிச்சிட்டேன். ஒரு வூட்லயும் யாரும் குடிக்கிறதே இல்லையாம். நம்பர்கூட குடுக்க மாட்டேன்னுட்டாங்க. நான் இன்னா பண்றது, இல்லன்னு எழுதிக்கினு வந்துட்டேன்" என்றார்.

பச்சையம்மாள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஏழுமலை இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஆஸ்பத்திரி வண்டி இனி அந்தத் தெருவுக்குள் வராது.